நகைக்கடை அனுபவத்தைக் கேபின் க்ரூ ரெஸ்யூமேயில் குறிப்பிடலாமா?

மலைக்கோட்டை23:

வணக்கம். பி.காம். முடித்துவிட்டு, திருச்சியில் ஒரு நகைக்கடையின் விற்பனைப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 23, உயரம் 161 செ.மீ. இண்டிகோ, எமிரேட்ஸ் ஆகிய இரண்டு விமான நிறுவனங்களிலும் கேபின் க்ரூ (விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் பணியாளர்) பணிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். கணினி மையத்தில் தயாரித்துக் கொடுத்த ரெஸ்யூமே மூன்று பக்கம் வந்திருக்கிறது. தந்தை பெயர், மதம், கையெழுத்துடன் உறுதிமொழி எல்லாம் அதில் உள்ளன. விசாரிக்கச் சென்ற ஒரு பயிற்சி மையத்திலோ, நகைக்கடை வேலையைக் குறிப்பிட்டால் மதிப்புக் குறையும் என்றும், தங்கள் மையத்தின் டிப்ளமோ இல்லாத விண்ணப்பத்தை யாரும் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். இது உண்மைதானா?

பழைய_பர்சர்:

உண்மையில்லை. எமிரேட்ஸ் நிறுவனம் விருந்தோம்பல் அல்லது வாடிக்கையாளர் சேவையில் குறைந்தது ஓராண்டு அனுபவம் கேட்கிறது. நகைக்கடையை மறைத்தால் உங்களிடம் இருக்கும் ஒரே தகுதியை நீங்களே அழித்தவராவீர்கள். பெயருக்கும் தொடர்பு விவரங்களுக்கும் அடுத்தபடியாக அந்த வேலைதான் வரவேண்டும்.

ஆனால் அதை எழுதும் விதம் முக்கியம். கேபின் க்ரூ என்றால் சிரித்த முகத்துடன் தேநீர் தருபவர் என்று வெளியிலிருப்போர் நினைக்கலாம். தேர்வு செய்பவர்கள் அப்படி நினைப்பதில்லை. இந்திய விதிப்படி 50 இருக்கைகளுக்கு ஒருவர் என்று கணக்கிட்டு, 180 இருக்கைகள் கொண்ட ஏர்பஸ் ஏ320 விமானத்தில் குறைந்தது நான்கு பேரைப் பணியமர்த்துவதே, அவசர காலத்தில் அத்தனை பயணிகளையும் விரைந்து வெளியேற்றுவதற்காகத்தான். ஆகவே கூட்டத்தையும் கோபத்தையும் நிதானமாகக் கையாண்டவரா என்பதை உங்கள் வரிகளில் தேடுவார்கள். "வாடிக்கையாளர் சேவையில் சிறந்த அனுபவம்" என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும். "அட்சய திருதியை நாட்களில் டோக்கன் வரிசையை ஒழுங்குபடுத்தினேன், செய்கூலி, சேதாரம் குறித்து எழும் வாக்குவாதங்களை மேலாளர் வரை போகாமல் பேசித் தீர்த்தேன்" என்று எழுதினால் அது உங்களுக்கு மட்டுமே பொருந்தும். (இவற்றை நீங்கள் உண்மையில் செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள்; நேர்காணலில் அடுத்த கேள்வி அங்கிருந்தே வரும்.)

கடை அடைக்கும்போது தட்டு வாரியாக நகைகளை எண்ணிச் சரிபார்ப்பீர்கள் அல்லவா? அதையும் ஒரு வரியில் சேருங்கள். விமானத்திலேயே உணவை விற்கும் நிறுவனங்களில், இருப்பையும் விற்ற பணத்தையும் கணக்கிட்டு ஒப்படைப்பது கேபின் க்ரூவின் வேலைதான்.

ஆட்சேர்ப்பு_மேசை:

மேலே சொன்னவரோடு முழுவதும் உடன்படுகிறேன். வடிவம் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஒரே பக்கம் போதும். மதம், தந்தை பெயர், உறுதிமொழி, "சவாலான பணிச்சூழலில் வளர விழைகிறேன்" என்பது போன்ற குறிக்கோள் வாசகம் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். அவற்றுக்குப் பதிலாகச் சென்டிமீட்டரில் உயரம், பாஸ்போர்ட் எந்த ஆண்டுவரை செல்லும், அறிந்த மொழிகள், நீச்சல் தெரியுமானால் அது ஆகியவை இருக்கட்டும். எமிரேட்ஸ் 160 செ.மீ. உயரத்தோடு, நுனிக்காலில் நின்று 212 செ.மீ. எட்டவேண்டும் என்றும் கேட்பதால், வீட்டுச் சுவரில் குறியிட்டு, செருப்பில்லாமல் நின்று அளந்து பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். தலைக்கு மேலுள்ள பெட்டகங்களில் பயணிகளின் பைகளோடு அவசரகால உபகரணங்களும் இருக்கும் என்பதால்தான் இந்த அளவுகோல். சீருடையில் வெளியே தெரியும்படி பச்சை குத்தியிருந்தால் அங்கே வாய்ப்பில்லை.

மொழிகளை எழுதும்போது தமிழை ஒப்புக்குக் கடைசியில் போடாதீர்கள். இண்டிகோ சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் பினாங்குக்கும் பறக்கிறது; ஆங்கிலம் அறியாத மூத்த பயணியிடம் பேச உங்களால் முடியும் என்பது அங்கே வெறும் அலங்காரமன்று. இந்தியைப் புரிந்துகொள்ள மட்டும் முடியுமென்றால் அப்படியே எழுதுங்கள்.

காவிரிக்கரை:

டிப்ளமோவை அடியோடு வீண் என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு அந்த வகுப்புகள் பயன்பட்டதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் பாதுகாப்பு, முதலுதவி, ஆபத்தான சரக்குகள் பற்றிய பயிற்சியைத் தேர்வுக்குப் பிறகு விமான நிறுவனமே அளித்துவிடும் என்பதால், இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். வேலைக்கு முன்பணம் கேட்பவர் எவராயினும் ஏமாற்றுக்காரரே.

மலைக்கோட்டை23:

அனைவருக்கும் நன்றி. ஒரு ஐயம் மட்டும்: பட்டம் முடித்தபின், அம்மாவின் சிகிச்சைக்காகச் சில மாதங்கள் வீட்டில் இருந்தேன். அதை எழுத வேண்டுமா?

ஆட்சேர்ப்பு_மேசை:

ரெஸ்யூமேயில் வேண்டாம். வேலையில் சேர்ந்த மாதத்தையும் ஆண்டையும் சரியாகக் குறிப்பிட்டால் போதும். இடைவெளியை அவர்களே கவனித்துக் கேட்டால், இப்போது எங்களிடம் சொன்ன அதே ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்.