புதுப்பிப்பு: பாப்பா தவழ ஆரம்பிச்சாச்சு

ஏழு மாசப் பாப்பா குப்புற விழுந்து நீந்துறா, வீட்டுல என்னென்ன மாத்தணும்னு மூணு வாரம் முன்னாடி கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவழ்ந்துட்டா. நேரா குத்துவிளக்கைப் பார்த்து!

நீங்க சொன்னதுலயே உருப்படியான யோசனை, 'நீயே ஒருதடவை தவழ்ந்து பாரு'ங்கறதுதான். முட்டி வலிக்க ஹால் முழுக்கத் தவழ்ந்தேன். சோஃபா அடியில ஒரு ஊக்கு, காஞ்ச பட்டாணி, ரெண்டு ஸ்டிக்கர் பொட்டு, ஒரு அந்துருண்டை. தினம் பெருக்குற வீடு! பழைய ரிமோட்டுல பட்டன் பேட்டரி வேற. அதை முழுங்கினா 2 மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாய் வெந்துடுமாம். மூடியில ஸ்க்ரூ இல்லை, அதனால ரிமோட்டையே வீட்டை விட்டு அனுப்பிட்டேன்.

பிளக் மூடி ஆன்லைன்ல வாங்கினது தண்டம். தட்டை முள்ளு, நம்ம வட்டத் துளைக்குள்ள போகவே இல்லை. தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில கிடைச்சது கச்சிதம்.

பாத்ரூம் பக்கெட்டைக் கவுத்து வைக்கறதுல அத்தைக்கு வருத்தம், தண்ணி எப்ப நிக்குமோன்னு. ரெண்டு அங்குலத் தண்ணியே குழந்தைக்கு ஆபத்துன்னதும், கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போட அவங்களே ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாங்க.

பீரோவைச் சுவரோட சேர்த்து முடுக்கறது மட்டும் பாக்கி. வாடகை வீடு, ட்ரில் போட ஓனர்கிட்ட கேட்கணும்.