அப்பாவின் முழங்கால் வலியும் பிபிசி-157 ஊசியும்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு மூட்டுத் தேய்மானம். முழங்கால் வீங்கினால் படியிறங்கவே சிரமப்படுகிறார். சிறுநீரகம் பலவீனம் என்பதால் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாத்திரைகள் கூடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாராசிட்டமோல் அவருக்குப் போதவில்லை.

அவருடைய நண்பர் ஒருவர் டெலிகிராமில் வாங்கிய பிபிசி-157 (BPC-157) ஊசி மருந்தைக் கொண்டுவந்து, "போட்டுப் பாருங்கண்ணே, வலியும் வீக்கமும் போயிடும்" என்று கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. வலியில் இருப்பவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

நான் தேடிப் படித்தேன். இது 15 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு, அதாவது சிறிய புரதத் துண்டு மாதிரி. நல்ல பலன் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் எலிகளிடம் நடந்த ஆய்வுகள். மனிதர்களிடம் நடந்தவை மிகச் சில, அவையும் சிறியவை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை மருந்தாக அங்கீகரிக்கவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு 2022 முதல் தடை. எங்களிடம் உள்ள குப்பியில் மலேசியாவில் பதிவான மருந்துகளுக்கு இருக்கும் எம்ஏஎல் (MAL) பதிவு எண் இல்லை, ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இல்லை. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருக்கிறது. இதை அவர் உடம்பில் ஏற்ற நான் விடமாட்டேன்.

குழுவில் தமிழ் பேசும் மருந்தாளரோ தாதியோ இருந்தால், தயவுசெய்து அப்பாவிடம் போனில் கொஞ்சம் பேச முடியுமா? நான் சொன்னால் கேட்கமாட்டார். படித்தவர்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்.

சிறுநீரகப் பிரச்சினையோடு மூட்டு வலியைச் சமாளிப்பவர்களும் சொல்லுங்கள். பிசியோதெரபி, மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி, எது கைகொடுத்தது? பினாங்குப் பக்கம் பொறுமையாகப் பார்க்கும் மூட்டு டாக்டர் யார்?

ஊசி விற்பவர்கள் இன்பாக்ஸ் வரவேண்டாம்.