உதவிப் பக்கத்துக்கு ஒரு வினை: பிரித்தெடு, கொய், எடு

மடல் 1

வணக்கம். விரிதாள் வடிவத் தரவுத்தளத்தின் உதவிப் பக்கங்கள் வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் போக வேண்டும். ஒரு கலத்தில் "மேசை-0042-மரம்" என்றிருக்க, நடுவிலுள்ள 0042-ஐ மட்டும் இன்னொரு புலத்தில் வரவழைக்கும் வேலைக்கு ‘பிரித்தெடு’ என்று எழுதினேன். அடுத்த பக்கத்திலேயே உரையைத் துண்டுதுண்டாக்கும் ஸ்ப்ளிட் வந்து நிற்கிறது. அதற்கு ‘பிரி’ என்று ஏற்கெனவே வைத்தாயிற்று. உரையின் இடப்பக்கம், நடு, வலப்பக்கத்திலிருந்து ஒரு பகுதியைத் தரும் லெஃப்ட், மிட், ரைட் என்ற செயற்கூறுகள் மூன்றின் விளக்கத்திலும் இந்த வினைதான் வரும். வேறு சொல் உண்டா?

மடல் 2

‘கொய்’ இருக்கிறதே! கொய்வு, கொய்சரம், கொய்வாய்பாடு என்று வேண்டியபடி கிளைக்கும். அகநானூற்றில் ‘கொய்சுவற் புரவி’ (பிடரிமயிர் கத்தரித்த குதிரை) வருகிறது. வினைத்தொகையாக நிற்பதால் மூன்று காலத்துக்கும் பொருந்தும். உருபு எதுவும் ஒட்ட வேண்டியதில்லை.

மடல் 3

> கொய்சுவற் புரவி

ஐயா, அங்கே கொய்யப்பட்டது பிடரிமயிர். வெட்டியதைக் கீழே போட்டுவிட்டு மிஞ்சியதைத்தான் புலவர் பாடுகிறார். நமக்கு வேண்டியது நேர்மாறு. அது போக, பூவைக் கொய்தால் காம்பில் பூ இராது. மிட் மூலக் கலத்தைத் தொடுவதே இல்லை, படியெடுத்துத் தருகிறது. ‘கொய்’ என்று படிப்பவர் தரவு போய்விடுமோ என்று அஞ்சுவார்.

மடல் 4

மூன்று செயற்கூறுகளுக்கும் இலக்கணத்தில் ஆயத்தமாகவே பெயர் இருக்கிறது: முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை. தாமரை ‘மரை’ ஆவதும், ஓந்தி ‘ஓதி’ ஆவதும், நீலம் ‘நீல்’ ஆவதும் பள்ளியில் படித்தவைதாமே.

மடல் 5

அம்மா, அழகான யோசனை, ஆனால் தலைகீழ். முதற்குறையில் முதலெழுத்து கெடும். லெஃப்ட் தருவதோ அந்த முதலெழுத்துகளைத்தான். உங்கள் கணக்கில் ரைட்டுக்குத்தான் முதற்குறை என்று பெயர் வைக்க வேண்டும்!

வினையை விடுங்கள். வரைவில் அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. ‘இடப்பக்கத்திலிருந்து இத்தனை எழுத்துகள்’ என்று இருக்கிறது. ‘மேசை’யில் எத்தனை எழுத்து? நமக்கு இரண்டு. நீளத்தை எண்ணும் லென் சொல்லும் விடை 4: ம, ஏகாரக் குறி, ச, ஐகாரக் குறி. ஆகவே இடைக்கோடு ஐந்தாம் இடத்தில் இருக்கிறது, மிட் ஆறாம் இடத்தில் தொடங்க வேண்டும். விரல்விட்டு எண்ணி 4 என்று போட்டால் ஐகாரக் குறி அநாதையாகத் தொங்கும். ‘தமிழ்’ என்பதில் லெஃப்ட் 2 கேட்டால் ‘தம’ வரும், ‘தமி’ வராது. அடுத்த வரிசையில் "நாற்காலி-0107-இரும்பு" இருந்தால் கோடு ஒன்பதாம் இடத்துக்குப் போய்விடும். இடத்தைக் கையால் எழுதாமல் ஃபைண்ட் கொடுத்துத் தேடி, அதனோடு 1 கூட்டுவது இதற்காகத்தான். ‘எழுத்து’ வேண்டாம், கணினி எண்ணும் ஒவ்வொரு குறிக்கும் ‘வரியுரு’ என்று போடுங்கள்.

மடல் 6

எழுத்து என்றால் 247தான் என்று ஏன் கட்ட வேண்டும்? முதலெழுத்து முப்பது, மற்றவை சார்பு என்று பகுத்தவர்கள் நாம்.

மடல் 7

அந்த முப்பதுக்கும் லென் கட்டுப்படாதே. ‘ழ்’ இலக்கணத்தில் ஒரு மெய், கணினியில் ழகரமும் புள்ளியும் என இரண்டு. ‘கொ’வின் ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரும், எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் வரும். கண்ணுக்கு ஒன்றுபோலிருக்கும், ஃபைண்ட் ஒன்றைக் கேட்டால் மற்றதைக் காணாமல் போகலாம். வரியுருவுக்கு என் வாக்கு.

ஃபைண்ட் பக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்கவும். தேடியது கிடைக்காவிட்டால் எக்செல் வேல்யூ பிழை காட்டும். விரிதாள் வடிவத் தரவுத்தளமான ஏர்டேபிள் சுழியம் தரும். அதனோடு 1 கூட்டினால் மிட் முதல் இடத்திலிருந்து நான்கு வரியுருக்களைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடும். பிழை காட்டாத பிழை! யாரோ இடைக்கோட்டுக்குப் பதில் நீண்ட கோட்டை ஒட்டியிருந்தாலே போதும், இது நடக்கும். இஃப் போட்டுச் சுழியமா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மடல் 8

மிட் தந்த 0042 எண் அல்ல, உரை. எக்செலில் எண்களைக் கூட்டும் சம் அதைக் கண்டுகொள்ளாது. உரையை எண்ணாக்கும் வேல்யூ என்ற செயற்கூறுக்குள் போட்டால் 42 ஆகும், முன் சுழியங்கள் போய்விடும். பொருட்குறியீடு என்றால் உரையாகவே விடுவது நல்லது. ஒரு குறிக்கு முன்னும் பின்னும் உள்ள உரையைத் தர 2022-ல் எக்செலுக்கு வந்த டெக்ஸ்ட்பிஃபோர், டெக்ஸ்ட்ஆஃப்டர் இரண்டுக்கும் ‘முன்னுரை’, ‘பின்னுரை’ என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். செயற்கூறின் பெயரை மொழிபெயர்த்து, பயனர் அதையே தட்டச்சிட்டால் பெயர்ப்பிழைதான் வரும்.

மடல் 9

ஃபார்முலாவுக்கு வாய்பாடா, சூத்திரமா? அதையும் முடித்துவிடலாமே. வாய்பாடு என்றதும் தேமா, புளிமாவும் பெருக்கல் கணக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘நூற்பா’ தூய சொல்.

மடல் 10

நூற்பாவைக் கலத்தில் தட்டச்சிடவும் என்றா எழுதுவது?

மடல் 1-ஐ எழுதியவரிடமிருந்து

எல்லாருக்கும் நன்றி. வாய்பாடு இருக்கட்டும். வரியுரு உறுதி. ஸ்ப்ளிட்டை ‘துண்டாக்கு’ என்று மாற்றிவிட்டேன், மோதல் தீர்ந்தது. ஆகவே ‘பிரித்தெடு’ அப்படியே போகிறது. ஐவர் சரி என்றார்கள், அதில் இருவர் வெள்ளிக்கிழமைக்காக.

மடல் 2-ஐ எழுதியவரிடமிருந்து

‘கொய்’யை நான் விடவில்லை. பூச்சரத்திலிருந்து கொய்தாலும் சரம் சரம்தான். ‘பிரித்தெடு’வில் இரண்டு வினை இருக்கிறது, பொத்தானில் அடங்காது, பாருங்கள்.

மடல் 3-ஐ எழுதியவரிடமிருந்து

பொத்தானில் ‘எடு’.