பேக்கார்டு நியான் போர்டும் 1923ம்: நம்பி, பிறகு திருத்திக்கொண்ட அனுபவங்கள்

சென்னையில் ஒரு நியான் பட்டறையில் பதினெட்டு வருடம் விளம்பர போர்டுக்குக் கண்ணாடிக் குழாய் வளைத்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எங்கள் மேஸ்திரி இந்தக் கதையைச் சொன்னார். 1923ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஏர்ல் ஆன்டனி என்ற கார் டீலர், பிரான்ஸிலிருந்து ‘பேக்கார்டு’ என்று கார் கம்பெனியின் பெயர் எழுதிய இரண்டு நியான் போர்டுகளை வரவழைத்து மாட்டினாராம். அமெரிக்காவின் முதல் நியான் போர்டு அதுதானாம். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ரோடே அடைத்துக்கொண்டதாம். எனக்குப் பின்னால் தொழில் கற்க வந்த பையன்களுக்கும் நான் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன்.

மகள் வீட்டுக்கு கலிஃபோர்னியா போயிருந்தபோது கிளெண்டேலில் உள்ள நியான் கலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். பார்வையாளராக வந்திருந்த ஒரு பெரியவரும் நம் தொழில்காரர்தான். அவரிடம் ஆசையாக இந்தக் கதையை எடுத்தேன். “அந்த போர்டை 1923ல் எடுத்த போட்டோ எதையாவது நீங்கள் பார்த்ததுண்டா?” என்று கேட்டார். பார்த்ததில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். டிலைசர் என்கிற புவியியல் பேராசிரியரும் கிரீன்ஸ்டீன் என்கிற நியான் கைவினைஞரும் இந்தக் கதையைத் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். 1923ல் அப்படி ஒரு போர்டு எரிந்ததற்கு ஆதாரம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பேக்கார்டு நியானுக்குச் சான்று 1925ல்தான் வருகிறது. விலையைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 24,000 டாலர் என்று ஒரு இடத்தில் இருக்கும், ஒன்றுக்கு 1,250 டாலர் என்று இன்னொரு இடத்தில் இருக்கும். பில்லைப் பார்த்து எழுதியிருந்தால் இவ்வளவு வித்தியாசம் வராது. ஆன்டனி 1922லேயே சொந்தமாக ரேடியோ நிலையம் தொடங்கிய மனிதர், விளம்பரம் அவருக்குக் கைவந்த கலை. ஊரே திரண்டு வந்து பார்த்திருந்தால் அவர் சும்மா இருந்திருப்பாரா?

நியானுக்கும் காருக்கும் உறவு இருப்பது நிஜம். 1910 டிசம்பரில் ஜார்ஜ் க்ளோட் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் பாரிஸ் கார் கண்காட்சியில் 12 மீட்டர் நீளத்தில் இரண்டு நியான் குழாய்களை எரியவிட்டார். ஆனால் அதை ‘முதல் நியான் விளம்பரம்’ என்பதும் தப்பு. எழுத்தே இல்லாத வெறும் விளக்குகள் அவை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

பாரிஸிலிருந்து:
அண்ணா, எனக்கும் இதே கதைதான். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரரை ஈஃபிள் கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம், “முந்தி இதில் சித்ரோன் கார் கொம்பனி நியானில் பேர் எழுதி வைத்திருந்தது” என்று கன வருசமாகச் சொல்லி வந்தேன். ஒருமுறை எலக்ட்ரீசியனாக வேலை செய்கிற மச்சான் வந்தார். பழைய இரவுப் படத்தை போனில் பெரிதாக்கி, “இது புள்ளி புள்ளியாகத் தெரியுது. நியான் கோடாக அல்லவா எரியும்?” என்றார். அவர் சொன்னது சரி. அது முழுக்க பல்ப். ஃபெர்னான்ட் ஜாகோபோஸி என்பவர் செய்த வேலை. 2,50,000 பல்ப், 600 கிலோமீட்டர் வயர். 1925இல் எரியத் தொடங்கி 1934 வரை இருந்தது. இத்தனை பல்பையும் கோபுரத்தில் ஏறி மாட்டியவர்களை நினைக்கும்போது, நியான் என்று சொல்லி அவர்களின் பாட்டை மறைத்துவிட்டேனே என்று மனம் வருந்தியது.

காரைக்குடியிலிருந்து:
என்னுடையது காசு போன கதை. பழம்பொருள் கடை ஒன்றில் பர்மா ஷெல் பெட்ரோல் எனாமல் பலகை வாங்கினேன். கீழே ‘1919’ என்று இருந்தது. ஆணி ஓட்டையைச் சுற்றி துரு ஏறியிருந்ததால் பழசு என்று நம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த நண்பர் ஒரே கேள்விதான் கேட்டார்: “பர்மா ஷெல் ஆரம்பித்ததே 1928ல்தானே?” பர்மா ஆயிலும் ஷெல்லும் இந்திய வியாபாரத்துக்காகக் கைகோத்த வருடம் அது. துருவை நம்பாதீர்கள். உப்புத் தண்ணீரில் அதை வரவைத்துவிடலாம்.

அவர் தன் வீட்டிலிருந்த நிஜப் பலகையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். எனாமல் என்பது கண்ணாடிப் பொடியை இரும்புத் தகட்டில் தூவிச் சூளையில் உருக்குவது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகச் சுட வேண்டும். அதனால் மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்குகிற இடத்தில் சின்னப் படி மாதிரி விரலில் தட்டுப்படும். என் பலகையைத் தடவினேன். ஸ்டீல் தட்டு மாதிரி ஒரே வழவழப்பு.

சென்னை (தொடங்கியவர்):
இரண்டு பேருக்கும் நன்றி. காரைக்குடி நண்பரே, அந்த விரல் சோதனை எனக்குப் புதுசு. நான் தொழில் கற்றுக்கொடுத்த பையன் ஒருவன் இப்போது கோவையில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். நேற்று அவனுக்கு போன் செய்து, நான் சொன்ன 1923 தப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “அண்ணே, கடைச் சுவரில் அதைப் பெயின்ட்டில் எழுதியே வைத்திருக்கிறேனே” என்றான். ஞாயிற்றுக்கிழமை நானும் போகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து மாற்றி எழுதப் போகிறோம்.