மாலை போட்டு பீடியை நிறுத்தினால் க்ளோசபைன் மருந்தின் அளவு மாறுமா?

கேள்வி: செங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி

என் அண்ணனுக்கு வயது 38. மனச்சிதைவு நோய்க்காக ஆறு ஆண்டுகளாக க்ளோசபைன் உட்கொள்கிறார். காலையில் 100 மில்லிகிராம், இரவில் 200 மில்லிகிராம். அதற்கு முன்பு கொடுத்துப் பார்த்த இரண்டு மருந்துகளும் பலன் தராததால்தான் திருவனந்தபுரத்தில் நாங்கள் பார்க்கும் மருத்துவர் இதைத் தொடங்கினார். ஒரு காலத்தில் சாப்பாட்டில் விஷம் கலந்திருக்கிறது என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டவர், இன்று காலையில் தானே போய்ப் பால் வாங்கி வருகிறார். இந்த மருந்து எங்கள் வீட்டுக்கு என்ன செய்தது என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவையில்லை.

இந்தக் கார்த்திகை முதல் நாள் மாலை போட்டு, 41 நாள் விரதம் இருந்து சபரிமலைக்குப் போக வேண்டும் என்று அவராகவே சொன்னார். ஒரு நாளைக்கு இருபது பீடிக்குக் குறையாமல் பிடிக்கும் அவர், மாலை போட்ட நாளிலிருந்து ஒன்றைக்கூடத் தொடமாட்டேன் என்கிறார். அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

எனக்கு மட்டும் ஒரு பயம் இருக்கிறது. சென்ற ஆண்டு கடுமையான காய்ச்சலில் ஆறேழு நாள் அவர் பீடியைத் தொடவில்லை. அந்த வாரத்தின் கடைசியில் காலை பத்து மணிக்கும் அவரை எழுப்ப முடியவில்லை. எச்சில் வடிந்து தலையணை உறை முழுவதும் நனைந்திருந்தது. காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தால் பிடிமானம் இல்லாமல் சாய்ந்தது. காய்ச்சலின் அசதி என்றே நினைத்தோம். பீடியை மறுபடி தொடங்கிய சில நாட்களில் எல்லாம் சரியாகிவிட்டது. அது தற்செயலா, இல்லை பீடிக்கும் மாத்திரைக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? போன மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருப்பதால் கவலை வேண்டாம் என்று ஒரு உறவினர் சொல்கிறார். விரத நாட்களில் மாத்திரையையே நிறுத்திவிடலாம் என்கிறார் இன்னொருவர். அம்மா வீட்டில் பீடி சுற்றுவதால் அந்தத் தூளும் கணக்கில் வருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: புனலூர் மருந்தாளுநர்

தம்பி, மாத்திரையை நிறுத்தலாம் என்று சொன்னவரின் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். க்ளோசபைனைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடுவதும், வாந்தியும் வியர்வையும் வருவதும், பழைய நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்புவதும் உண்டு. அதோடு, 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே மறுபடி கொடுக்கக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து மயங்கிவிடலாம் என்பதால், 12.5 மில்லிகிராமிலிருந்து மருத்துவர் புதிதாகத் தொடங்கி ஏற்றிக்கொண்டு வருவார்.

உங்கள் சந்தேகம் சரியானது. பீடியோ சிகரெட்டோ, புகையிலை எரியும்போது வரும் புகையில் உள்ள சில வேதிப்பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை அளவுக்கு மீறி வேலை செய்ய வைக்கின்றன. க்ளோசபைனைச் சிதைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் அதே நொதிதான். ஆகவே, உங்கள் அண்ணனுக்கு இப்போது எழுதியிருக்கும் 300 மில்லிகிராம் என்பது நாளொன்றுக்கு இருபது பீடி பிடிக்கும் ஓர் உடலுக்கு ஒத்துவரும் அளவு. புகை நின்றால் ஒரு வாரத்துக்குள் அந்த நொதியின் வேகம் தணிந்துவிடும். மாத்திரை அதே மாத்திரையாக இருந்தாலும் இரத்தத்தில் மருந்து ஏறக்குறைய ஒன்றரை மடங்காகவும், சிலருக்கு அதற்கு மேலும் உயரும். காய்ச்சலோடு வரும் தொற்றும் இதே மருந்தைத் தனியாக உயர்த்தக்கூடியது என்பதால், சென்ற ஆண்டு உங்கள் அண்ணனுக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்குக் காரணம் புகைதான், நிகோட்டின் அல்ல. அதனால் அம்மா சுற்றும் பீடியின் தூள் இந்தக் கணக்கில் வராது. பீடிக்குப் பதிலாக நிகோட்டின் மெல்லுகோந்தைப் பயன்படுத்தினாலும் மருந்து உயரத்தான் செய்யும். காப்பி வேறு வழியில் குறுக்கிடும்: அதில் உள்ள காஃபீனும் அதே நொதியால் சிதைவதால், காப்பி கூடினால் மருந்தும் கூடும். பீடியை விட்டவர்கள் அந்த இடத்தைக் காப்பியால் நிரப்புவதை நான் கடையில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன், ஆகையால் அதையும் கவனியுங்கள்.

மாதந்தோறும் எடுக்கும் பரிசோதனை வெள்ளணுக்களை எண்ணுவதற்கானது. 1975-இல் பின்லாந்தில் இந்த மருந்தை உட்கொண்டவர்களில் 8 பேர் வெள்ளணுக்கள் குறைந்து இறந்த பிறகுதான் அந்தக் கட்டாயம் வந்தது. வெள்ளணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை 1500-க்குக் கீழே இறங்கினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை அந்தச் சீட்டு காட்டாது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பாக இரத்தம் எடுப்பார்கள். எல்லா ஊரிலும் அது கிடைப்பதில்லை, பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பிவைப்பார்கள்.

எனவே மாலை போடும் தேதியை இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். பீடி நின்ற முதல் வாரத்தில் மருந்தைச் சுமார் கால் பங்கு குறைப்பது பொதுவான வழக்கம் என்றாலும், எவ்வளவு, எந்த நாளில் என்பதை உங்கள் அண்ணனின் உடலைப் பார்த்து அவரே முடிவு செய்ய வேண்டும். நீங்களாக மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். அளவுக்கு மீறிய தூக்கம், எச்சில், தள்ளாட்டம், கைகால் வெட்டி இழுப்பது ஆகியவை மருந்து கூடிவிட்டதன் அடையாளங்கள். வலிப்பு வந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மலச்சிக்கலைப் பலரும் சிறிய விஷயமாக எண்ணுகிறார்கள். இந்த மருந்தில் அது சிறியதல்ல. குடல் அசைவே நின்றுபோய் உயிர் போனதும் உண்டு. ஒருபொழுது இருப்பவர் தண்ணீரையும் குறைத்துவிடக் கூடாது. வயிறு உப்பி வலித்தாலோ வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பதில்: ஆரியங்காவிலிருந்து ஒரு சகோதரி

மேலே ஐயா எழுதியதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன் தம்பி, அதனால் மறுபாதியையும் சொல்கிறேன். என் கணவரும் இதே மருந்தில் இருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கால் எலும்பு முறிந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். என்னென்ன மாத்திரை என்று கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள்; புகைபிடிப்பாரா என்று எவரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவர் கை ஒரு முறை வெட்டி இழுத்தது, கரண்டி தெறித்துச் சுவரில் பட்டது. அன்று இரவே வலிப்பு வந்தது. பிறகுதான் பெரிய மருத்துவர் வந்து விசாரித்து மருந்தைக் குறைத்தார், அவரும் தெளிந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சிகரெட்டை மறுபடி தொடங்கிவிட்டார், குறைத்த மருந்தோ குறைத்தபடியே இருந்தது. ஒரு மாதத்துக்குள் இரவில் எழுந்து உட்கார்ந்து, தன்னைத் திட்டும் குரலுக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். ஆகவே மாலை போடும் நாளை மட்டுமல்ல, கழற்றும் நாளையும் மருத்துவரிடம் சொல்லி வையுங்கள். மறுபடி பீடி பிடித்தால் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்துவிட்டால் மருந்தைச் சரிசெய்ய யாராலும் முடியாது.

பதில்: புளியரையிலிருந்து ஒரு குருசாமி

சாமி சரணம். 24 ஆண்டுகளாக மலைக்குப் போகிறேன், எங்கள் கூட்டத்தில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டே விரதம் காத்த சாமிமார்கள் உண்டு. மருந்து உண்பதால் எந்த விரதமும் கெடுவதில்லை என்பதை உங்கள் உறவினரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மாத்திரையை இருமுடியில் வைக்க வேண்டாம். தோள்பையில் வைத்து, இரண்டு நாளுக்கான மாத்திரையும் மருந்துச் சீட்டின் நகலும் உடன் வரும் ஒரு சாமியிடமும் இருக்கட்டும். பம்பையில் கூட்டம் நெருக்கினால் ஒரு நாள் பயணம் இரண்டு நாளாவது அய்யப்பமார்கள் எல்லோருக்கும் தெரியும். பஜனை எத்தனை மணி வரை நீண்டாலும் இரவு மாத்திரை அதன் நேரத்துக்குப் போகட்டும், அவர் முன்கூட்டியே படுத்துக்கொள்ளட்டும். விடியற்காலையில் சட்டென்று எழுந்து நின்றால் தலைசுற்றும் என்பதால் சற்று உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரில்தான் குளிக்க வேண்டும் என்று அவரை வற்புறுத்தாதீர்கள்.

பதில்: புனலூர் மருந்தாளுநர்

குருசாமி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால், மாலை போட்ட நேரத்துச் சளி என்று விட்டுவிடாமல் அன்றே வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால் க்ளோசபைன் உட்கொள்பவர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இந்த மருந்தைப் பல மடங்கு உயர்த்திவிடக்கூடியது. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், வாங்கும்போது நிறுவனப் பெயர் மாறலாம், ஆகவே 25, 100 என்ற மில்லிகிராம் எண்ணை அட்டையிலேயே படித்துப் பார்த்து வாங்குங்கள். நள்ளிரவில் ஆலோசனை தேவைப்பட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

செங்கோட்டைத் தம்பி

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை அண்ணனையும் அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் போய் வந்தேன். மாலை போடுவதற்கு முன்பு ஒரு முறையும், போட்ட பத்தாம் நாள் ஒரு முறையும் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பதாகவும், பீடி நின்றதும் இரவு மாத்திரையை இரண்டு படிகளாகக் குறைப்பதாகவும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மலையிலிருந்து வந்த பிறகு பீடியைத் தொடுவீர்களா என்று அவர் அண்ணனிடமே நேராகக் கேட்டார். அண்ணன் நெடுநேரம் யோசித்துவிட்டு, தெரியவில்லை என்றார். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சொன்னால் போதும் என்று மருத்துவர் சொன்னபோது, அண்ணன் தலையாட்டியதை நான் பார்த்தேன்.

மாலை போடுவதற்கு முன்பே ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். நேற்று அண்ணன் தன் கையாலேயே முதல் வரியை எழுதினார்: பீடி 19, காப்பி 2, தூக்கம் 9 மணி நேரம், வயிறு சரியாக இருக்கிறது.