அந்தோனி சலீம்: கெட்டிக்கார வாரிசா, அரசாங்கம் தூக்கிவிட்ட வாரிசா?

நெய்தல்கரை:
நேற்று ராத்திரி பசி. இந்தோமி நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரித்தேன். மசாலாத் தூள், எண்ணெய், இனிப்பு சோயா, மிளகாய், பொரித்த வெங்காயம் என்று ஐந்து குட்டிப் பொட்டலம். இதன் பின்னால் இருக்கும் ஆளைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சீனாவின் ஃபூஜியனிலிருந்து 1930களின் கடைசியில் ஜாவாவின் கூடுஸ் ஊருக்கு வந்தவர் லீம் சியோ லியோங். கிராம்பு விற்றார், ராணுவத்துக்குச் சரக்கு கொடுத்தார். அப்போது பழக்கமான ராணுவ அதிகாரி சுகார்த்தோ பிறகு இந்தோனேசியாவின் ஜனாதிபதி ஆனார். மாவு ஆலை, சிமெண்ட், வங்கி எல்லாம் வரிசையாக வந்தன. லீமின் மகன்தான் அந்தோனி சலீம், 1949இல் பிறந்தவர். 1992இல் சலீம் குழுமத்தின் தலைமை அவர் கைக்கு வந்தது.

என் கட்சி இதுதான்: அவருடைய உண்மையான வேலை சுகார்த்தோ ஆட்சி கவிழ்ந்த 1998 மே மாதம்தான் ஆரம்பித்தது. அப்பா கட்டியதில் பாதிக்கு மேல் போன பிறகு, மிச்சத்தை வைத்து மறுபடி எழுந்தார். வாரிசு என்ற ஒரே வார்த்தையில் அவரை ஒதுக்கக் கூடாது.

சிவப்பு மை:
"மறுபடி எழுந்தார்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். யார் முதுகில் ஏறி எழுந்தார்?

அவர்களுடைய வங்கி பிசிஏ. அதில் 30 சதவீதம் சுகார்த்தோவின் பிள்ளைகள் இரண்டு பேர் பெயரில். 1998 மே கலவரத்தில் ஜனங்கள் பணத்தை எடுக்க ஓடினார்கள், மாதக் கடைசியில் அரசு வங்கியை எடுத்துக்கொண்டது. கணக்குப் பார்த்ததில் குடும்பம் அரசுக்குத் தர வேண்டியது 52.7 லட்சம் கோடி ரூபியா. பெரும்பகுதி தங்கள் வங்கியிலிருந்து தங்கள் கம்பெனிகளுக்கே கொடுத்துக்கொண்ட கடன். அதற்கு ஈடாக நூற்றுச் சொச்சம் கம்பெனிப் பங்குகளைக் கொடுத்தார்கள். அரசு விற்றதில் வந்தது சுமார் 20 லட்சம் கோடி. மிச்சத்தை இந்தோனேசிய ஜனம் கட்டியது. பிறகு ஜனாதிபதி மேகாவதி ஆட்சியில் "பாக்கி இல்லை" என்று கடிதமும் வாங்கிவிட்டார்கள். இதைத் திறமை என்கிறீர்களா?

வட்டிக்கணக்கு:
கடன் மதிப்பீடு என் தொழில், அதனால் உள்ளே வருகிறேன். தோழர் சொன்ன எண்கள் சரி. படிக்கும் விதத்தில்தான் தகராறு.

1997 நடுவில் ஒரு டாலருக்கு 2,400 ரூபியா. 1998இல் 16,000 வரை போனது. அந்த நேரத்தில் எந்தக் கம்பெனிக்கு என்ன விலை என்று யாராலும் சொல்ல முடியாது. 1998 செப்டம்பரில் அரசும் குடும்பமும் உட்கார்ந்து ஒரு மதிப்பு பேசி, அந்த மதிப்புக்குச் சொத்தைக் கைமாற்றினார்கள். அதன் பிறகு ஏறினாலும் இறங்கினாலும் அரசின் பாடு. அவசரமாக, வாங்க ஆளில்லாத சந்தையில் விற்றதால் விலை விழுந்தது. அடகுக் கடையில் வைத்த நகையைக் கடைக்காரர் பாதி விலைக்கு விற்றால் மீதிக்கு என்னைக் கேட்கலாமா?

இன்னொன்று. அன்று கடன்பட்ட முதலாளிகளில் சிலர் நாட்டைவிட்டே ஓடினார்கள். அந்தோனி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

சிவப்பு மை:
நகைக்கு விலை சொன்னதில் யார் கை இருந்தது சார்? அதைச் சொல்லாமல் அடகுக் கடையைக் காட்டுகிறீர்களே.

வட்டிக்கணக்கு:
நியாயமான கேள்வி. மதிப்பு தூக்கலாக இருந்தது என்று அப்போதே பேச்சு உண்டு. மறுக்க மாட்டேன்.

பாண்டுங் மில்லுக்காரன்:
நான் 1996 முதல் ஏழு வருஷம் பாண்டுங் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தேன். நீங்கள் எல்லாம் எண்ணில் பேசுகிறீர்கள், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

மே கலவரம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஜகார்த்தா போனேன். குளோடோக் என்ற சீனக் கடைத்தெரு கருகிக் கிடந்தது. தப்பிய கடைகளின் இரும்புக் கதவில் பெயிண்டால் "மிலிக் பிரிபூமி" என்று எழுதியிருந்தார்கள். மண்ணின் மக்கள் சொத்து என்று அர்த்தம். அதை எழுதியவர்களில் சீனர்களும் இருந்தார்கள் என்று எங்கள் டிரைவர் சிரிக்காமல் சொன்னார். லீம் வீட்டையும் கொளுத்தியிருந்தார்கள். அவர் அப்போது அமெரிக்காவில்.

பாண்டுங்கில் பிசிஏ ஏடிஎம் முன்னால் நின்ற வரிசை இன்னும் கண்ணில் இருக்கிறது. சத்தமே இல்லை. முன்னால் நிற்பவர் பணம் எடுக்கும்போது மெஷின் எண்ணுகிற சத்தத்தைக் கடைசி ஆள் வரைக்கும் காது கொடுத்துக் கேட்டோம். என் சம்பளமும் அந்த வங்கியில்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. பெரிய முதலாளி நாலு பேர் ஜனாதிபதியோடு ஒட்டிக்கொண்டு சம்பாதித்தார்கள். அடி வாங்கியது குளோடோக்கில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன். அந்தோனி எழுந்தார், சரி. அந்த ரிப்பேர்க் கடைக்காரனுக்கு "பாக்கி இல்லை" கடிதம் யார் கொடுத்தார்கள்?

நெய்தல்கரை:
அண்ணே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தோனியின் வேலைத்திறன் வேறு கேள்வி. எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்று பாருங்கள். பிசிஏ போனது. இந்தோசிமெண்ட் 2001இல் ஜெர்மன் ஹைடல்பெர்க் கைக்குப் போனது. நூடுல்ஸ் செய்யும் இந்தோஃபுட்டை மட்டும் விடவில்லை. 1981இலேயே ஹாங்காங்கில் ஃபர்ஸ்ட் பசிபிக் என்ற கம்பெனி வைத்திருந்தார்கள். அது 1999இல் சுமார் 65 கோடி டாலர் கொடுத்து இந்தோஃபுட்டில் 40 சதவீதம் வாங்கியது. பசித்தவன் சிமெண்ட் தின்ன மாட்டான் என்று தெரிந்த ஆள்.

அரைக்கிலோ:
வலது பையிலிருந்து இடது பைக்கு. நானும் மாதக் கடைசியில் இப்படித்தான் எழுகிறேன் 😀

சிவப்பு மை:
அரைக்கிலோ ஒரு வரியில் முடித்துவிட்டார். நான் மாவுக்கு வருகிறேன்.

நூடுல்ஸ் என்பது கோதுமை. இந்தோனேசியாவில் கோதுமை விளையாது. வெளிநாட்டிலிருந்து இறக்கும் உரிமை புலோக் என்ற அரசு அமைப்பிடம் மட்டும் இருந்தது. அது இறக்கும், குடும்பத்தின் பொகசாரி ஆலை அரைத்துக் கூலி வாங்கும். 1970களின் தொடக்கத்தில் தஞ்சுங் பிரியோக் துறைமுகத்தில் முதல் ஆலை. பக்கத்தில் போட்டிக்கு ஆள் கிடையாது என்றே சொல்லலாம். கப்பலில் வந்த கோதுமை, கையைவிட்டுப் போகாமல் மாவாகி, நூடுல்ஸாகி, கடைக்குப் போனது. அந்தோனி தலைமைக்கு வந்த பிறகு 1992இல் பொகசாரியை இந்தோசிமெண்டுக்குக் கொடுத்து, 1995இல் இந்தோஃபுட்டுக்கு மாற்றினார்கள். சிமெண்ட் கம்பெனிக்கு மாவு ஆலை எதற்கு என்று கேட்காதீர்கள்.

கெட்டிக்காரத்தனம் என்று நீங்கள் சொல்வது, அரசு கொடுத்த ஏகபோகத்தைப் பத்திரமாகப் பெட்டி மாற்றி வைத்தது.

நெய்தல்கரை:
அந்த ஏகபோகம் 1998இல் ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) நிபந்தனையில் போய்விட்டதே. யார் வேண்டுமானாலும் கோதுமை இறக்கலாம், மாவும் இறக்கலாம் என்று ஆகி கால் நூற்றாண்டுக்கு மேல். சலுகையால் மட்டும் நின்றதாக இருந்தால் அன்றே விழுந்திருக்க வேண்டும். நைஜீரியாவில் 1995 முதல் உள்ளூரிலேயே இந்தோமி தயாராகிறது. அங்கே பங்காளி தொலாராம் குழுமம். மலாங்கில் கடை போட்டுத் தொடங்கிய சிந்திக் குடும்பம் அது. இந்தோமி தங்கள் ஊர்ச் சரக்கு என்றே நினைக்கும் நைஜீரியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். லாகோசில் சுகார்த்தோவா சிபாரிசு செய்தார்?

சிவப்பு மை:
இல்லை. ஆனால் நம் பக்கத்தில் மேற்கு வங்க முதல்வராக இருந்த புத்ததேவ் பட்டாச்சார்யா செய்தார்! சலீம் என்ற பெயரை நாம் முதலில் கேள்விப்பட்டது நூடுல்ஸ் பாக்கெட்டில் இல்லை, நந்திகிராமில். மேற்கு வங்க அரசு அங்கே இந்தக் குழுமத்துக்கு ரசாயன மையம் அமைக்க சுமார் 10,000 ஏக்கர் எடுக்கப் பார்த்தது. 2007 மார்ச் 14 அன்று போலீஸ் சுட்டதில் 14 பேர் செத்தார்கள். 1965-66இல் லட்சக்கணக்கான கம்யூனிஸ்டுகளைக் கொன்ற ஆட்சியின் செல்லப் பிள்ளைகளை ஒரு கம்யூனிஸ்ட் அரசாங்கம் ரத்தினக் கம்பளம் விரித்துக் கூப்பிட்டது. என் கட்சிக்காரர்களிடம் இதைக் கேட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

வட்டிக்கணக்கு:
சுட்டது மாநில போலீஸ், நிலத்துக்கு நோட்டீஸ் விட்டது ஹல்தியா வளர்ச்சி ஆணையம். அந்தோனி மேல் அதை அப்படியே ஏற்ற மாட்டேன். ஆனால் ஒரு பழக்கம் தெரிகிறது: புது இடத்துக்குப் போனால் முதலில் ஆட்சியில் இருப்பவரைப் பார்ப்பது. அப்பாவிடம் கற்ற பாடம். நந்திகிராமில் அது எடுபடவில்லை, திட்டமும் வரவில்லை.

நான் பேச வந்தது வேறு. இங்கே நான் கட்சி மாறுகிறேன். 2020 மே, கொரோனா நடுவில், இந்தோஃபுட்டின் நூடுல்ஸ் பிரிவு ஐசிபிபி ஒரு அறிவிப்பு விட்டது. பைன்ஹில் என்ற கம்பெனியை 299.8 கோடி டாலருக்கு வாங்குகிறோம் என்று. சவூதி, எகிப்து, துருக்கி, நைஜீரியா என்று வெளிநாட்டில் இந்தோமி செய்வது பைன்ஹில்தான். விற்கிற பக்கத்திலும் அந்தோனிக்குப் பங்கு. வாங்குகிற பக்கத்திலும் அவரே தலைவர். பங்கு விலை சரிந்தது. சிறு பங்குதாரர்கள் விலை அதிகம் என்று கத்தினார்கள். ஆகஸ்டில் கூட்டம் கூட்டி நிறைவேற்றிவிட்டார்கள். பெருமளவு டாலர் கடன். ரூபியா சறுக்குகிற வருஷமெல்லாம் லாபத்தைக் கடிக்கும்.

வாங்கிய வியாபாரம் நல்ல வியாபாரம், வளர்கிறது. அதற்காக முறை சரியாகிவிடாது. 1998இல் வங்கியில் நடந்ததும் இதுவும் ஒரே ஜாதிதான்: மேஜையின் இரண்டு பக்கமும் ஒரே ஆள். முப்பது வருஷம் தலைமையில் இருந்து ஒரு பாடம் மட்டும் கற்கவில்லை.

சிவப்பு மை:
சார், கை கொடுங்கள்.

வட்டிக்கணக்கு:
பாதிக் கை. 1998இல் அவர் கட்டியது கட்டியதுதான்.

அரைக்கிலோ:
ஒரு சந்தேகம். இத்தனை கெட்டிக்காரர் பிசிஏவை விட்டாரே? இன்று அதுதானே அந்த ஊரில் பெரிய தனியார் வங்கி?

வட்டிக்கணக்கு:
விடவில்லை, பிடுங்கப்பட்டது. அரசு புது மூலதனம் போட்டு வங்கியைத் தூக்கி நிறுத்தி, 2002இல் 51 சதவீதத்தை சுமார் 5.3 லட்சம் கோடி ரூபியாவுக்கு ஃபாரலன் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலான குழுவுக்கு விற்றது. கூட வந்தவர்கள் ஜாரும் சிகரெட் குடும்பம், ஹார்த்தோனோ சகோதரர்கள். இப்போது வங்கி அவர்கள் கையில். அவர்களும் கூடுஸ்காரர்கள். அவர்களுடைய கிரெட்டெக் சிகரெட் கிராம்பு போட்டுச் செய்வது. லீம் அந்த ஊரில் எதை விற்றுப் பிழைத்தார் என்று மேலே பாருங்கள். அந்தோனி பெயரில் இன்றும் பிசிஏவில் 2 சதவீதத்துக்கும் குறைவாகப் பங்கு உண்டு.

நெய்தல்கரை:
அடுத்த தலைமுறையாக மகன் ஆக்ஸ்டன் ஏற்கெனவே இந்தோஃபுட் இயக்குநர். அவரிடம் இந்தக் கணக்கெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்? மில்லுக்காரர் அண்ணே, பேச்சே காணோம்?

பாண்டுங் மில்லுக்காரன்:
படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் தம்பி. மாவு பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது.

எங்கள் மில் வாசலில் ஒரு அம்மா வாருங், அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடை, வைத்திருந்தார். தகரக் கூரை, ஒரு ஸ்டவ், இரண்டு பெஞ்சு. இரவு ஷிப்ட் முடிந்து போனால் இந்தோமி, மேலே ஒரு முட்டை. 1998இல் மாவு மானியத்தை எடுத்ததும் பாக்கெட் விலை ஏறியது. முதலில் முட்டையை நிறுத்தினார். அப்புறம் ஒரு பாக்கெட்டை உடைத்து இரண்டு கிண்ணத்தில் போட்டு, முட்டைக்கோஸை நிறைய அரிந்து நிரப்பினார். "இதே விலைக்கு இவ்வளவுதான் மாஸ் (அண்ணே)" என்றார்.

சிவப்பு மை, உங்கள் ஏகபோகம் இருந்தவரை எங்களுக்கு முழு பாக்கெட் கிடைத்தது, அரசாங்கக் காசில். நெய்தல்கரை, அது போனதும் அந்தோனி நின்றுவிட்டார் என்கிறீர்கள். அந்த அம்மா 1999இல் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கடைசியாக எனக்குத் தர வேண்டிய சில்லறைக்குப் பதில் இரண்டு இந்தோமி பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார்.