பாவித்த ஒலிம்பிக் பார் யாழ்ப்பாணத்தில் எங்கே எடுக்கலாம்?

அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சி பாடசாலைப் பளுதூக்கல் அணியில் இருக்கிறாள். விடுமுறையிலும் பயிற்சி விட்டுப்போகக்கூடாது என்று நாவாந்துறையில் எங்கள் வீட்டுப் பின்கொட்டிலை ஒதுக்கியிருக்கிறோம். கையில் இருப்பது ஒரு லட்சம் ரூபாய்.

பார், அதாவது இரு முனையிலும் தட்டு மாட்டித் தூக்கும் நீளக் கம்பிதான் பெரிய பிரச்சினை. பெண்களுக்கான ஒலிம்பிக் பார் 15 கிலோ, பிடி 25 மி.மீ., தட்டு ஏறும் முனை 50 மி.மீ. அந்த முனை தனியாகச் சுழல வேண்டும். நான் பார்த்த கடைகளில் காட்டியதெல்லாம் முனை சுழலாத ஒரு அங்குலக் கம்பி. அதில் ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) செய்யும்போது தட்டுகளும் சேர்ந்து திருகி மணிக்கட்டை இழுக்கும். அதை அவளுக்கு வாங்கிக் கொடுக்க மனம் வரவில்லை. பாவித்ததென்றாலும் நல்ல பார் யாரிடமாவது இருக்கிறதா? கொழும்பிலிருந்து எடுத்தவர்கள் லொறிக் கூலி எவ்வளவு கொடுத்தீர்கள்?

றப்பர் தட்டு 45 செ.மீ. விட்டத்தில் ஒரு சோடி இப்போதைக்குப் போதும். பாரைத் தாங்கி வைக்கும் ஸ்குவாட் ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் செய்விக்கலாம் என்கிறார் அப்பா. செய்வித்தவர்கள் எந்த அளவு பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) போட்டீர்கள்? சீமெந்துத் தரை வெடிக்காமல் இருக்க பிளைவூட் போட்டு மேலே றப்பர் விரிக்க நினைக்கிறோம். அப்புறம், இந்த உப்புக் காற்றில் பார் துருப்பிடிக்காமல் என்ன எண்ணெய் பூசுகிறீர்கள்? அடுத்த விடுமுறைக்கு முன் எல்லாம் தயாராக வேண்டும், தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.